ஸ்டாண்டு

புளியரையில் ஆனி பிறந்தால்
காற்றுக்கு வேறு வேலை கிடையாது.
கணவாய் வழியே இறங்கி வந்து
வாழை இலையைக் கிழிக்கும்,
கொடித்துணியை அடுத்த வயலுக்கு அனுப்பும்,
என் படங்களில் ஒவ்வொரு மலைக்கும் பக்கத்தில்
ஒரு விரற்கடை தள்ளி
இன்னொரு மலையை நிறுத்திவைக்கும்.

ஒரு நொடி.
எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.
நாற்று அசைய வேண்டும், வரப்புக்கல் அசையக் கூடாது,
இரண்டும் ஒரே படத்தில்.
கையால் ஆகவில்லை. மூச்சைப் பிடித்தால்
நெஞ்சு அடிக்கிறது,
அதுவும் படத்தில் விழுகிறது.

செங்கோட்டையில் ஜெராக்ஸ் கடைச் சம்பளம்.
சீட்டு எடுத்ததில் மூவாயிரம் ஒதுக்கினேன்.
புனலூர் போய்வர ரயில், ஒரு சாயா, ஒரு பழம்பொரி
எல்லாம் அதற்குள்.
மிக்ஸி ரிப்பேர் அடுத்த மாதம் போகட்டும்.

கீவர்கீஸ் சேட்டன் முதலில் நீட்டியது
தூக்கினால் குடைபோல இருந்தது.
"ஆயிரத்து நூறு. எல்லாரும் இதுதான் கொண்டுபோகும்."
விரித்து, உச்சியை ஒரு விரலால் தட்டினேன்.
ஆடியது.
ஆடி அடங்கும்வரை வாய்க்குள் எண்ணினேன்: ஏழு.
கால்களின் கடைசிக் கணு பென்சில் பருமன்.
கழுத்து பிளாஸ்டிக்.
உயரம் காட்டி ஏமாற்றவென்றே
நடுவில் ஒரு நீளத் தண்டு.

அடுத்தது கார்பன்.
தட்டினேன். எண்ணத் தொடங்குமுன் நின்றுவிட்டது.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு
அடுத்த வீட்டுப் பிள்ளையை
இடுப்பிலிருந்து இறக்கிவிடுவதுபோல
இறக்கி வைத்தேன்.

மூன்றாவது மேசைக்கடியில் கிடந்தது.
கல்யாண வீடியோக்காரர் ஒருவர்
துபாய்க்குப் போகையில் போட்டுவிட்டுப் போனது.
ஒரு பாதத்தில் ரப்பர் இல்லை.
ஒரு பூட்டு தளர்ந்திருக்கிறது.
நீர்மட்டத்தில் நீர் வற்றி
குமிழி மட்டும் கொழுத்துப் போயிருக்கிறது.
நாலு கிலோ நானூறு.
"பாரம் கூடுதல்" என்றார், குறை சொல்வதுபோல.
பாரம்தான் சேட்டா வேண்டும்.

தலையைப் பிடித்து முறுக்கினேன்.
என் எடையை உள்ளங்கை வழியே இறக்கினேன்.
வாசலில் நிறுத்தி ஒரு லாரிக்காகக் காத்திருந்தேன்.
கொல்லம் போகும் மரலாரி.
கடைப்பலகை அதிர்ந்தது, சேட்டனின் டம்ளரில்
சாயா வளையம் போட்டது.
தட்டி எண்ணினேன்: ஒன்றரை.
மூவாயிரம் சொன்னார்.
இரண்டாயிரத்து அறுநூறில் நின்றோம்.

தளர்ந்த பூட்டுக்கு சைக்கிள் டியூப் துண்டு.
வெறும் பாதத்துக்கு மருந்துக்கடையில்
ஊன்றுகோலுக்கு மாட்டுகிற ரப்பர், முப்பது ரூபாய்.
நடுக்கொக்கியில் தொங்கவிட மஞ்சள்பை.
கல் வயலில் கிடக்கும்.

ஞாயிறு விடியலில்
கோட்டைவாசல் வளைவுகளுக்குக் கீழே, ரோட்டோரம்
விரித்து நிறுத்தினேன்.
காமிராவை ஏற்றுமுன் ஆள் கூடிவிட்டது.
போன வருஷமும் இப்படி ஒரு மூணுகால் வந்து நின்றதாம்.
மஞ்சள் சட்டைக்காரர்கள், சிவப்புப் பெயின்ட்,
மறு வாரம் எண் போட்ட கல்.
"நாலுவழிக்கா? ரயிலுக்கா?"
போட்டோவுக்கு என்றேன்.
"போட்டோவுக்கா இத்தனை தடிக்காலு?"

மெலிந்ததை வாங்கியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

மற்றவர்கள் டீக்குப் போனார்கள்.
முப்பிடாதி அக்கா மட்டும் போகவில்லை.
மண்வெட்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"எதுவரைக்கும் எடுப்பிய?"

படத்தின் ஓரத்தை நினைத்து
"அந்தக் கல்லு வரைக்கும்" என்று சொல்லிவிட்டேன்.
கல்லின் மறுபக்கத்தில் எண் இருப்பது
நான் நின்ற இடத்திலிருந்து தெரியாது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. வரப்பில் நடந்தாள்.
பையில் கல்லைப் போட்டேன்.
காற்று வந்தது. பொத்தானை அழுத்திவிட்டுக்
கையை எடுத்துக்கொண்டேன்.

நாற்று அசைந்திருக்கிறது.
கல் அசையவில்லை, விளிம்பு கத்திபோல இருக்கிறது.
அதற்குப் பக்கத்தில், ஒரு நொடி அகலத்துக்கு,
நீலச் சேலை ஒன்று
கலங்கிப் போயிருக்கிறது.