சாய்ந்தால் அலறும்

புது செட் வந்த அன்று
ரிச்சி தெருப் பையன் பதினாறையும்
என் மேசைமேல் அசெம்பிளிபோல் நிறுத்திச் சொன்னான்:
அக்கா, இது டிஜிட்டல். கரகரப்பு இருக்காது.
அமுக்கி, ஒரு 'டிங்' கேட்டபிறகுதான் பேசணும்.
அவசரப்பட்டா முதல் வார்த்தையை முழுங்கிடும்.

ஒரு வாரம் எங்கள் யார்டில்
முதல் வார்த்தை இல்லாமலே வேலை நடந்தது.
"வரிசையில இருந்து எடு" என்றார் தணிகைவேல்.
எந்த வரிசை என்று கேட்பதற்குள்
டிரெய்லர் திருவொற்றியூர் தாண்டியிருந்தது.

பழைய செட்டில்
யார் எங்கே நிற்கிறார் என்பதைப்
பின்னால் வரும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.
அலை கேட்டால் கிழக்கு வேலி,
சர்ச் மணி கேட்டால் இரண்டாம் கேட்,
கெட்ட வார்த்தை கேட்டால் எடைமேடை.
இது எல்லாவற்றையும் வடிகட்டிவிடுகிறது.
எல்லோரும் ஒரே பஞ்சு அறைக்குள்ளிருந்து பேசுகிறார்கள்.
பதிலுக்குத் திரையில் பெயர் வருகிறது,
அதுவும் இங்கிலீஷில், பத்து எழுத்துக்குள்.
தணிகைவேல் கடைசி எழுத்தை
வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார்.
எனக்குப் பெயர் கிடையாது. ஒன்பது வருஷமாக
நான் 'பேஸ்'.

போகும்போது பையன் இன்னொன்றும் சொன்னான்.
ஆள் விழுந்து, செட் படுத்து,
கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால்
உங்க மேசையில அலறும்க்கா.
மைக் தானே திறந்துக்கும், பத்து செகண்ட்.
பூபதி கேபினில் தூங்கி
அப்படி மாட்டிக்கொண்டது வேறு கதை.
அந்தக் குறட்டையை எல்லோரும் கேட்டோம்.

மார்கழி. விடியாத ஐந்தரை.
என் மேசையில் சிவப்பு.
பதினோராம் செட். அபுதாகிர்.
ரீச் ஸ்டேக்கரில் உட்கார்ந்து
இருபது டன் பெட்டியை மூன்றாம் அடுக்குக்கு
முட்டை வைப்பதுபோல் வைக்கிறவர்.
எழுந்த வேகத்தில் டீ கீபோர்டில் கொட்டியது.
"எல்லாரும் நிறுத்துங்க" என்றேன்
'டிங்'குக்குக் காத்திராமல்.
"நிறுத்துங்க" மட்டும் போயிருக்கும்.
அது போதும்.

பிறகு மைக் திறந்தது.

கிரேன் இல்லை அதில்.
ரிவர்ஸ் ஹாரன் இல்லை,
எண்ணூர் சாலையில் உறுமும் லாரி வரிசை இல்லை,
கடல் இல்லவே இல்லை.
மிஞ்சியது ஒரு குரல்,
தரைக்கு அரைச் சாண் உயரத்தில்:

"ரப்பே...
ரிஸ்வானாவுக்கு நாளைக்கு ஆபரேஷன்.
சின்ன நெஞ்சு அது, ரப்பே.
கத்தி வைக்கிற கை நடுங்கக் கூடாது."

பதினைந்து இடுப்புகளில் அந்தப் பத்து நொடி.
ஒருவர் பேசும்போது
மற்றவர் கேட்க மட்டுமே முடியும்
இந்தக் கருவியில்.

ஓடிப்போனவர்கள்
இரண்டு நீலப் பெட்டிகளுக்கு நடுவே
விரித்த துண்டையும்
அதில் பதிந்திருந்த நெற்றியையும் பார்த்துவிட்டு
பூட்ஸ் சத்தம் வராமல் திரும்பினார்கள்.
தணிகைவேல் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தார்.
பாதுகாப்பு விதிப்படி அது தப்பு.
நான் எழுதிக்கொள்ளவில்லை.

ஐந்து நாற்பத்தைந்துக்கு அவரே வந்தார்.
"பேஸ், பதினொன்னு. டி வரிசை ரெடி.
ஏன் எல்லாம் கம்முனு கிடக்கு?"

'டிங்' கேட்கும்வரை காத்திருந்தேன், இந்த முறை.
"டவர்ல ஏதோ பிரச்சினை, பாய். இப்ப சரியாயிடுச்சு."

உடனே பூபதி,
யாருக்கும் ஒரு மணி நேரம்கூட மாற்றிவிடாத பூபதி:
"பாய், நாளைக்கு உங்க ஷிஃப்ட் நான் பாத்துக்கறேன்.
நாளன்னிக்கும். எனக்கு ஓவர்டைம் வேணும்,
வேற ஒண்ணுமில்ல."

கொஞ்ச நேரம் யாரும் பொத்தானைத் தொடவில்லை.
அப்புறம் இரண்டாம் கேட்டில் நாலு வண்டி நிற்பதாக
யாரோ கத்தினார்கள்.

பேசியதெல்லாம் சர்வரில் பதிவாகும்.
முப்பது நாளில் தானே அழியும்.
அந்தப் பத்து நொடியை
நான் மறுபடி கேட்கவில்லை,
கை வைத்து அழிக்கவும் இல்லை.

இன்று இருபத்தெட்டாம் நாள்.