காது

ரசீன் நகரில் பிப்ரவரி.
மிச்சிகன் ஏரி கரையோரம் மட்டும் உறைந்து
நடுவில் இன்னும் முடிவெடுக்காமல் கிடக்கிறது.
என் மேசைக்கு ஒரு தாள் வந்திருக்கிறது,
இரண்டு உள்ளங்கை விரித்தால் மறைந்துவிடும் அளவு.

கூடவே ஒரு படிவம்:
பென்சில் ஓவியம், டென்மார்க், 1837.
வரைந்தவர் ஈஸ்கில் ராவ்ன்.
வரையப்பட்டவர் மத்தியாஸ் புகோல்ம், அவரும் ஓவியர்.
பழுப்பேறிய அட்டைச் சட்டத்தை நீக்கவும்.
வலது கீழ்மூலையில் உள்ள கறையை அகற்றவும்.
கையெழுத்து, கிர்ஸ்டன் புகோல்ம், பல் மருத்துவர்.
ஒரு பெட்டி கிரிங்கிளும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
வெண்ணெய் விரலோடு தாளைத் தொட முடியாது.
அது ஜன்னலோரம் காத்திருக்கட்டும்.

முதலில் முகம்.
இருபத்தைந்து வயதிருக்கும்,
சவரம் செய்ய மறந்த தாடை.
கண்கள் தாழ்ந்திருந்தன.
வெட்கம் என்று நினைத்தேன், பிறகு தூக்கம் என்று.
அட்டையைக் கழற்றியபோதுதான்
அது இத்தனை காலம் மூடிவைத்திருந்த
இரண்டு விரற்கடையில்
ஒரு முழங்கால், அதன்மேல் ஒரு பலகை, ஒரு கை.
அவனும் வரைந்துகொண்டிருக்கிறான்.
இவன் அவனை. அவன் இவனை.
அந்த இன்னொரு தாள்
எந்த அடுப்புக்குப் போனதோ.

விளக்கைத் தாழ்த்திச் சாய்த்தேன்.
கன்னத்தின் நிழல், கழுத்தின் நிழல், கோட்டின் மடிப்பு
எல்லாக் கோடுகளும் வலமிருந்து இடமாக இறங்குகின்றன,
வலக்கைக்காரன் இழுக்கும் கோடுகள்.
காதில் மட்டும்
இடமிருந்து வலம்.

அடியில் அழித்த தடம் தெரிகிறது.
முதலில் இருந்த காது
கொஞ்சம் பெரிது, கொஞ்சம் கேலி.
மறுபடி பலகையைப் பார்த்தேன்.
பென்சில் பிடித்திருப்பது
இடக்கை.

"இதுவாடா என் காது? கொடு இங்கே."
டேனிஷ் மொழியில் ‘டா’ உண்டா, தெரியாது.
இந்த இடத்தில் தேவைப்படுகிறது.

எனக்கும் ஒருவன் உண்டு, சேந்தன்.
முப்பது வருடமாக என் வாக்கியங்களுக்கு
ஒற்றுப் போடுகிறவன்.
புகழ்ந்ததாக நினைவில்லை.
இப்போது பெர்த்தில் இருக்கிறான்.
நேற்று நான் அனுப்பிய நீண்ட செய்திக்கு
அவனிடமிருந்து வந்த பதில் ஒரே ஓர் எழுத்து:
ப்.

தாளைத் திருப்பினேன்.
பின்புறம் பென்சிலில் ஒரு வரி,
அதன் கீழே பழுப்பு மையில், நடுங்கிய கையில்
இன்னொன்று. 1881 மட்டும் புரிந்தது.
கிர்ஸ்டனை அழைத்து
எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.
பாதி தெரிந்ததை வைத்து, மீதியை அகராதியில் தேடி
அவர் படித்தார்.

மேல்வரி:
"மழை. மாதிரிக்கு ஆள் வைக்கக் காசில்லை."

கீழ்வரி:
"ஈஸ்கிலை இன்று புதைத்தோம்.
இதில் காது ஒன்றுதான் ஒழுங்காக வந்திருக்கிறது."

அவர் சிரித்தார்.
பிறகு சற்றுநேரம் தொலைபேசியில்
யாரோ பல் கழுவிக் கொப்பளிக்கும் சத்தம் மட்டும்.

கறைக்கு வந்தேன்.
பஞ்சு தயார், நீர் தயார்.
உருப்பெருக்கியில் அது
வளைவுக்குள் வளைவாக விரிந்தது.
கட்டைவிரல். பென்சில் கரி படிந்த வலது கட்டைவிரல்.
இடக்கை காதைத் திருத்தும்போது
தாள் நழுவாமல்
வலக்கை அழுத்திப் பிடித்த இடம்.
ஒருவேளை நண்பனின் மடியிலேயே வைத்து,
அவன் "கெடுக்காதே, கெடுக்காதே" என்று கத்தக் கத்த.

பஞ்சைக் கீழே வைத்தேன்.
அறிக்கையில் எழுதினேன்:
வலது கீழ்மூலை. கறை அல்ல. தொடவில்லை.

ஆங்கில அறிக்கைதான்.
இருந்தும் எங்காவது ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்துக்கொண்டு
ஜன்னலோரம் போய்
பெட்டியைப் பிரித்தேன்.