மஞ்சள்காமாலை என்று சொன்னோம்

கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தார்கள்.
வேரோடு, மண்ணோடு,
கொருக்குப்பேட்டை தண்டவாள ஓரத்தில் பிடுங்கியது.
மோரில் அரைத்துக் கொடு, வெறும் வயிற்றில் கொடு,
எண்ணெய் சேர்க்காதே, மூணே நாளில் கண் வெளுக்கும் என்று
ஆளுக்கொரு பத்தியம்.
இரண்டாம் மாடி ஜமீலா கரும்புச்சாறு வாங்கிவந்தாள்,
ஐஸ் போடாமல்.
சுகுணா எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு
எல்லோருக்கும் தலையாட்டினாள்.

உள்ளே யுகேந்திரன்
கொட்டாவி மேல் கொட்டாவி விட்டுக் கிடந்தான்.
மே மாதத்தில் போர்வை.
போர்வைக்குள் தோல்
உரித்த கோழி போல் புள்ளி புள்ளியாய்.
கால்கள் மட்டும் யாரையோ உதைத்துக்கொண்டே இருந்தன.
பத்தொன்பது வயது.
"எலும்புக்குள்ள எறும்பு ஓடுதுப்பா" என்றான்.
பிடித்துவிட்டேன், விடியும்வரை,
ஹார்பரில் மூட்டை தூக்கிய கையால்.

அந்த மூட்டையில்தான் தொடங்கியது என்று
சில இரவுகளில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.
என் முதுகுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை.
டிவி மேல் கிடந்த அட்டை.
எண்ணிப் பார்க்கவில்லை நான்.
அப்படி ஒற்றை நூலாய் இழுத்துவிட முடியாது என்கிறார் டாக்டர்.
இருந்தும் எண்ணுகிறேன், இப்போது,
பாரசிட்டமாலைக்கூட.

எங்கள் பிளாக்கில் இதற்கு ஒரு பெயர் உண்டு:
மாத்திர கேஸு.
நானும் சொல்லியிருக்கிறேன்,
படிக்கட்டின் கீழ் சுருண்டு கிடந்த
யாரோ பெற்ற பிள்ளையைத் தாண்டிப் போகையில்,
குடத்தைச் சற்று உயர்த்திக்கொண்டு,
பட்டுவிடுமோ என்பதுபோல்.

ஸ்டான்லியில் வியாழக்கிழமை வரிசை.
எங்கள் டோக்கன் நாற்பத்தொன்று.
முப்பத்தொன்பதோடு பிலோமினா.
எங்கள் பிளாக்தான், நான்காம் மாடி,
காசிமேட்டில் இறால் உரிக்கிறவள்.
மகன் ரோஷனுக்கு ஓரகடத்தில் கம்பெனி வேலை,
ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று
ஒன்றரை வருடமாய்ச் சொல்லிவருகிறவள்.
ஓரகடம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது,
முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டபடி.
மஞ்சள்காமாலை என் தோளில் சாய்ந்திருந்தது.

சுவரில் ஒட்டிய டெங்கு நோட்டீஸை அவள் படித்தாள்.
நானும் அதையே படித்தேன்.
கொசுவைப் பற்றி இவ்வளவு இருக்கிறதென்று
அதுவரை தெரியாது.
பிறகு, திரும்பாமலே,
"கீழாநெல்லி குட்த்தியாண்ணே?"
"குட்த்தோம்."
"குச்சானா?"
"வாந்தி எட்த்தான்."
அவள் தோள் குலுங்கியது.
அழுகிறாள் என்று நினைத்தேன்.
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
எனக்கும் அடக்க முடியவில்லை.
பையன்கள் இருவரும் எங்களை முறைத்தார்கள்,
ஆஸ்பத்திரியில் இது என்ன பழக்கம் என்பதுபோல்.

அன்றோடு சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான்.
ஆடியில் மறுபடி போனான்.
நான்கு நாள். சுகுணாவின் கொலுசோடு.
நான் கதவைச் சாத்தச் சொன்னேன்; உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
அவள்தான் திறந்தாள். சோறு போட்டாள்.
கொலுசைப் பற்றிக் கேட்கவில்லை.
"வியாழக்கெழமைக்கு இன்னும் ரெண்டு நாள் கீது,
அதுவரிக்கும் வூட்லயே இரு" என்றாள்.

நேற்று தண்ணீர் லாரி.
இடுப்பில் நிறைந்த குடத்தோடு திரும்புகிறேன்.
நான்காம் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து,
லாரிக்காரனுக்கும் கேட்கிற குரலில் பிலோமினா:
"எங்க ரோஷனு மாத்திரய வுட்டு மூணு மாசம் ஆச்சிண்ணே.
உம் புள்ள எப்டி கீறான்?
டாக்டரு இன்னா சொன்னாரு?"

சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதுபோல் கேட்டாள்.

வரிசை பேச்சை நிறுத்தியது.
ஹோஸிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.
ஜமீலா தன் குடத்தை நகர்த்தினாள்.
விலகினாளா, எனக்கு இடம் விட்டாளா,
இன்னும் தெரியவில்லை.

குடத்தை இறக்கி வைத்தேன்.
முதுகு வலித்தது.
அண்ணாந்து,
"பன்னெண்டு நாளு ஆச்சிமா" என்றேன்,
நான்கு மாடிக்கும் கேட்கட்டும் என்று.