ஒன்பது எழுத்து

மோல்மீன். நாற்பத்தாறு, ஆனி மழை.
மரக்கம்பெனியின் பழைய கிடங்கில்
கேப்டன் ஹாலிடேக்கு மேசை ஒன்று, மின்விசிறி ஒன்று,
தட்டச்சுக்கும் தமிழைப் பெயர்க்கவும் நான் ஒருத்தி.
ஞானப்பூ என்ற பேர் அவர் வாயில்
நானா ஆகியிருந்தது.

தண்டவாளம் போடப் போய்த் திரும்பியவர்கள்
தகரக் கூரையடியில் வரிசையாய்க் குந்தியிருந்தார்கள்.
நட்டஈட்டுக்கு வாக்குமூலம்.
ஆளுக்கு ஒரு தாள், மூன்று பிரதி.

முதலில் வந்த சடையாண்டி
"சொல்லி மாளாதும்மா" என்றார்.
சொல்லில் அடங்காதது என்று ஆங்கிலத்தில் அடித்தேன்.
கேப்டன் பென்சிலால் கோடு போட்டார்.
சொல்லாதது சாட்சியம் ஆகாதாம்.
சரிதான்.
சொல்லித்தான் மாளவில்லை. மற்றபடி
மாண்டவர்கள் பட்டியல் நான்கு பக்கம்.

மத்தியானத்துக்குள் பதினோரு தாள்,
பதினோரு தடவை டெரிபிள்.
"ஒரே சொல்லா? ரங்கூனில் படிக்கிறவன் தூங்கிவிடுவான்"
என்று தன் தடித்த புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.
வெள்ளைக்காரன் நிகண்டு.
நம்முடையதில் யானைக்கும் தாமரைக்கும் இருப்பது போல
இதில் பட்ட பாட்டுக்கு ஒரு பத்தி நிறையப் பேர்கள்,
சலவைக்குப் போய் வந்து
கஞ்சி மொடமொடப்போடு மடித்து வைத்தவை.

கஞ்சி என்றதும் நினைவுக்கு வருகிறது:
குரூயலிங் என்றொரு சொல். பிரித்தால்
உள்ளே இருப்பது கஞ்சிதான்.
கஞ்சி எப்படித் தண்டனையாகும் என்று
வெளியே கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்,
அரை டின்னுக்காகச் செத்தவன் பேரையும் சொல்லி
இரண்டாம் முறை வரிசையில் நின்றவர்கள்.

எக்ஸ்குருஷியேட்டிங்குக்குள் சிலுவை.
ஞாயிறுதோறும் முழங்காலிடுகிறவளுக்கு
அது பளிச்சென்று தெரிந்துவிட்டது.
முருகனுக்கு நேர்ந்துகொண்டு பிழைத்து வந்த
வீரபத்திரன் தாளில் அடிக்கக் கூச்சமாயிருந்தது.
அடித்தேன்.
ஆர்டீலை மட்டும் தொடவில்லை.
தீயில் கைவிடச் சொல்லி உண்மை கேட்கிற சொல் அது.
இங்கே யார் குற்றவாளி?

ஹாரோயிங்கைப் பத்திரமாய் எடுத்து வைத்திருந்தேன்.
பல் வைத்த பலுகுக் கட்டை,
உழுத மண்ணை மறுபடி கீறிக்கொண்டு போவது.
நான்கு மணிக்கு உள்ளே வந்த செங்கமலத்துக்கு
அதைக் கொடுத்தேன்,
விருந்தாளிக்கு வெள்ளித் தட்டு எடுக்கிற மாதிரி.

"என்னா எழுதினே, படி."
படித்தேன்.
"அது என்னா?"
"பலுகு, அக்கா. வயல்ல இழுப்பாங்களே.
மனசை அந்த மாதிரி..."
"வயலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே."

சொல்லவில்லைதான்.
அவள் சொன்னது ஒரு மூடியைப் பற்றி.

கார்பன் பிரதியில் ரப்பர் ஏறாது.
ஒன்பது எழுத்தின் மேல் ஒன்பது எக்ஸ் அடித்தேன்.
எழுதப் படிக்கத் தெரியாதவள்
சத்தத்தை விரல் மடக்கி எண்ணினாள்.
பிறகு அவள் சொன்னபடியே, அடுத்தடுத்து:

மழை பெய்தது. அவர் ராத்திரி போய்விட்டார்.
குழியில் ஏற்கெனவே ஆள் இருந்தது.
ஈ மொய்த்தது.
கஞ்சி வாளி மூடியை அவர் முகத்தில் வைத்தேன்.
காலையில் மேஸ்திரி மூடி எங்கே என்றான்.
போய் எடுத்து வந்து கொடுத்தேன்.

கேப்டன் இரண்டு முறை படித்தார்.
"மொட்டையாய் இருக்கிறது, நானா.
ஏதாவது ஒரு அடைமொழி?"
அவரே புத்தகத்தைத் திறந்தார்.
பத்தியில் விரல் இறங்கியது, நின்றது,
மறுபடி மேலே போய் இறங்கியது.
மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பவே
புத்தகத்தை மூடி அதன் மேல் வைத்தார்.

செங்கமலம் போகவில்லை.
வாசற்படியில் நின்று
அதை எப்போது எடுப்பார் என்று
பார்த்துக்கொண்டிருந்தாள்.