ஆளுக்கு ஆறு ராப்பன்

செப்டம்பர் கடைசியில் பெர்னிலிருந்து
அடுத்த ஆண்டின் விலை வரும்.
பாசலில் நுரையீரல் வைத்திருக்க இவ்வளவு,
அப்பென்செல்லில் வைத்திருக்க இவ்வளவு.
அந்த எண்களில் சில
என் மேசையில் பிறந்தவை.
காப்பீட்டுக் கம்பெனியில் பதினெட்டு ஆண்டாகச்
சராசரி எடுக்கிறவள் நான்.

நான் ரைன் நதியில் நீந்துகிறவள்.
காலையில் ஓட்ஸ், ஆளிவிதை.
அண்ணன் ஃப்ரீடோலினுக்கு
வெண்ணெயில் மிதக்கும் உருளைக்கிழங்கு,
வாயோரம் மூடி போட்ட புகைக்குழாய்.
அது அணைந்திருந்தால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம்.
நான் கட்டுவதில் பாதிதான் அவன் கட்டுகிறான்.
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவான்.
"இன்னும் நீந்து" என்பான்.

சட்டம் அப்படி. அடிப்படைக் காப்பீடு
புகையைக் கேட்காது, இடுப்பளவு கேட்காது.
எத்தனை வயது, எந்த ஊர்,
அதோடு சரி.

இந்த முறை நவம்பரிலேயே வந்தான்.
மூன்றாம் மாடி ஏறுவதற்குள்
இரண்டு முறை நின்றான்,
படிக்கட்டு ஜன்னலை ரசிப்பதுபோல.
இரவெல்லாம் சுவருக்கு அப்பால் இருமல்.
எப்போதிலிருந்து?
"புல் அறுத்ததிலிருந்து."
எந்தப் புல்?
"போன வருஷத்துப் புல்."
டாக்டர்?
"வந்தாரே, மாட்டுக்கு."

காலாண்டுக்குக் காலாண்டு நான் பார்த்த
அந்த மெலிந்த வரிசை
அன்றிரவு இருமியது.
பில்லாக மாறாத இருமலுக்கு
என் அட்டவணையில் கட்டமே இல்லை.
மலிவு என்று நான் எழுதி அனுப்பியதில்
எத்தனை பேர் படிக்கட்டில் நின்றிருப்பார்கள்?
முழுக்க அப்படியும் அல்ல, தெரியும்.
இங்கே தடுக்கி விழுந்தால்
ஒரு நிபுணர் மேல்தான் விழவேண்டும்.
என் இடது முழங்காலை மட்டும்
நாலு பேர் படம் எடுத்திருக்கிறார்கள்.

ஸ்கேன் என்றதும் அவன் கேட்டது:
"அது எங்கள் ஊர்க் கணக்கிலா ஏறும்?
பக்கத்து வீட்டு வால்புர்காவுக்கும் கூடுமா?"
கூடும் என்றேன்.
ரொட்டிப் பையின் பின்புறம் வகுத்தேன்.
ஆயிரம் ஃபிராங்க், பதினாறாயிரம் பேர்.
ஆளுக்கு ஆறு ராப்பன், சொச்சம்.
"ஆறா? அவள் கோழிகள்
என் முட்டைக்கோஸில் தின்றது
அதைவிட அதிகம்."

குழாயை ஜன்னல் விளிம்பில் வைத்தான்,
சாம்பலைத் தட்டாமல்.
டிராமில் என் பக்கத்தில் உட்கார்ந்து
வழியிலிருந்த மருந்துக் கடைகளை எண்ணிக்கொண்டே வந்தான்.
பதினொன்று வரை எண்ணினான்.
பிறகு இருமல் வந்துவிட்டது.