சிவப்பு நாடா

காலை ஏழேகால். பனி இன்னும் நீலம்.
கொழுந்தன் ஹெல்துர் ரம்பத்தைத் தரையில் வைத்து
பூட்ஸ் நுனியால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுக்கிறான்.
இரண்டு இருமல். மூன்றாவதில் பிடித்துக்கொள்கிறது.
காதுமூடியை இறக்குகிறேன்.
இனி மாலைவரை எங்களுக்குக் கையால்தான் பேச்சு.

நிற்கிற மரம் எங்கே விழும் என்று
ஓரளவு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.
புயல் சாய்த்த மரம்
விழுந்து முடித்ததுபோல் படுத்திருக்கும்.
முடித்திருக்காது.
வேரோடு பெயர்ந்த மண்தட்டு
வீட்டுச்சுவர் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றுகொண்டு,
தண்டை அறுத்த நொடியில்
கதவு அறைவதுபோலத் தன் பழைய குழிக்குத் திரும்பும்.
அப்படி ஒரு குழியில் போன மார்ச்சில்
என் தெர்மாஸை வைத்திருந்தேன்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வளைந்து கிடக்கும் தண்டில்
ஒரு பக்கம் நெரிபட்டிருக்கும், மறுபக்கம் நாணேறியிருக்கும்.
நெரிபட்ட பக்கம் முதலில், ஒரு விரல் ஆழம்.
பேராசைப்பட்டால் வாளைக் கவ்விக்கொள்ளும்.
பிறகு நாணேறிய பக்கம், கொஞ்சம் கொஞ்சமாக,
உள்வளைவில் நின்றபடி,
ஏதோ தூங்குகிறவர் பையிலிருந்து சாவி எடுப்பதுபோல.

வாளின் மூக்கை மட்டும் எதிலும் பட விடாதே,
ஒரு மிளாறு போதும், முகத்துக்கு எகிறும்.
இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், தினமும்.
இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன்.
இருபத்திரண்டு வருடம் என்பதுதான் எனக்குப் பயம்.

சவுனாவின் முன்னறையில், ஆணியில்,
ஹெல்துரின் பழைய வேலைக் கால்சட்டை தொங்குகிறது.
முழங்காலுக்கு மேலே ஒரு சாணுக்குக் கிழிசல்,
உள்ளிருந்து பிதுங்கிய வெள்ளை நார்.
அந்த நார்தான் சங்கிலியில் சுற்றி எந்திரத்தை மூச்சடைத்தது.
தொடையில் ஒரு கீறல்கூட இல்லை.
கால்சட்டை விலையைச் சொல்லி அவன் அன்று முழுக்கப் புலம்பினான்.

இன்றைக்கு ஒரு பிர்ச்.
விழுகிற வழியில் பக்கத்து ஸ்ப்ரூஸின் தோளில் சாய்ந்து
பாதி வானத்தில் நின்றுவிட்டது.
ஸ்ப்ரூஸையும் அறுத்தால் இரண்டும் வந்துவிடும் என்று
கையால் காட்டுகிறான். தலையாட்டினேன்: வேண்டாம்.
மணிக்கட்டைத் தட்டுகிறான். மரலாரி இரண்டு மணிக்கு.
எந்திரத்தை முறுக்குகிறான்.

பின்னாலிருந்து போகக் கூடாது.
சுற்றிக்கொண்டு, எட்டத்தில், அவன் கண்ணுக்கு நேரே போய்
கையைத் தூக்கி நின்றேன்.
அவன் பிரேக்கை முன்னுக்குத் தள்ளும்வரை நின்றேன்.

"பத்து நிமிஷ வேலை, ஐவே."
"ஆமாம். பத்து நிமிஷம்தான்."

நான்கு மரங்களில் சிவப்பு நாடா கட்டினேன்.
இழுக்க உர்மாஸின் டிராக்டர் வேண்டும்,
அது வெள்ளிக்கிழமைதான் வரும்.
லாரிக்காரர் அரைச்சுமையோடு போனார்,
போகும்போது என்னைப் பார்த்து
வோரு வட்டாரத்துச் சொல் ஒன்றைச் சொன்னார்.
அர்த்தம் எனக்குத் தெரியும்.

செவ்வாய் இரவு நல்ல காற்று.
கூரைத்தகரம் அடித்துக்கொண்டது. தூங்கவில்லை.
விடிந்ததும் ஒருத்தியாகவே போனேன்.
நாடாவுக்கு வெளியேதான் நின்றேன்.
ஒத்துக்கொள்கிறேன், அது விழுந்திருக்க வேண்டும் என்று விரும்பினேன்,
ஹெல்துர் நின்றிருக்கக்கூடிய அதே இடத்தில்,
பனியில் ஓர் ஆளளவு பள்ளம் பறித்து.

அப்படியே இருந்தது.
தோளில் தலை சாய்த்து, ரயிலில் தூங்குகிற பெண்ணைப்போல.
நாடா ஒன்று அவிழ்ந்திருந்தது. இறுக்கிக் கட்டினேன்.

"விழவில்லையாமே" என்றான் ஹெல்துர்,
கருப்பு ரொட்டியில் மீனை அடுக்கியபடி.
"இல்லை."
"பத்து நிமிஷ வேலை."
"ம்."

அதற்குமேல் என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.
நாளிதழை விரித்துச் சங்கிலியை அரம் போடுகிறேன்,
பல்லுக்கு மூன்று இழுப்பு.
அவன் மீனை மென்றுகொண்டே
இடதுகாலை மேசைக்கடியில் நீட்டுகிறான்,
என் காலில் இடிக்கிறது.
மடக்கிக்கொள் என்று சொல்லவில்லை.