பதினேழாம் கிண்ணம்

காலை ஏழரை. கெலுகோர் மேட்டுக்குக் கீழே
பாலத்தில் வண்டிகள் வால்பிடித்து நிற்கின்றன.
மூன்று கதவுகளைத் திறந்து மூடி
உள்ளே போகிறேன்,
புழுக்களுக்குச் சாப்பாடு போட.

சம்பளச் சீட்டில் ஆய்வு உதவியாளர், நிலை இரண்டு.
கேட்பவர்களிடம் புழு வளர்க்கிறேன் என்பேன்.
பயற்றமாவு, ஈஸ்ட், அகார்,
வைட்டமின் சி ஒரு சிட்டிகை.
அல்வாபோல் கிண்டி, ஆறியதும்
வில்லை வில்லையாய் வெட்டி வைப்பேன்.
தின்று கொழுக்கும், அந்துப்பூச்சியாகும், முட்டையிடும்.
தாய்களை இப்படிப் போற்றி வளர்த்துவிட்டு
பிள்ளைகளைத்தான்,
பிறந்து ஒரு நாளான மயிரிழைப் பிள்ளைகளைத்தான்,
தூரிகை நுனியால் தொட்டெடுத்து
அந்தப் பயற்றுப் பூவின்மேல் விடுவது.

பூ பார்க்க எல்லாப் பயற்றுப் பூவும் போலத்தான்.
மண்ணில் கிடந்த நுண்ணுயிர் ஒன்றின் குணத்தைப்
பயற்றுக்குக் கட்டிவைத்த தரகர் டாக்டர் தியோ.
புழு வயிற்றில் காரம், அங்கே அது வேலை செய்யும்;
நம் வயிற்றில் அமிலம், அங்கே கரைந்துபோகும்
என்று வீட்டில் விளக்கினேன்.
"எனக்கும் வயித்துல காரம்தான்" என்றார் அவர்
நாசி கண்டார் பொட்டலத்தைப் பிரித்தபடி.

மூன்றாம் நாள் எண்ணுவோம்.
நான் சொல்ல நூர் இசாத்தி எழுதுவாள்.
செத்தது. செத்தது. செத்தது.
கொஞ்ச நேரத்தில் அது
தினமும் கடக்கும் பஸ் நிறுத்தங்களின் பெயர்போல ஆகிவிடும்.
பதினேழில் நாக்கு நின்றது.
பூவின் மடிப்பில் எச்சம், ஈரம் காயாத எச்சம்.
அதற்குப் பின்னால்
கருந்தலையை ஆட்டிக்கொண்டு அது.

"லேபிள் மாறியிருக்கும்" என்றாள் இசாத்தி.
பூவை நசுக்கிச் சோதனைப் பட்டையில் விட்டோம்.
கோவிட் காலத்தில் மூக்கைக் குடைந்துவிட்டு
மூச்சைப் பிடித்துப் பார்த்த அதே இரண்டு கோடு.
நஞ்சு இருக்கிறது.
தின்றதும் இருக்கிறது.

டாக்டர் தியோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர்
மதியம்வரை எழவில்லை.

இதற்காகத்தான் அந்த விதி என்று
போன மாதம் பாலிக் பூலாவில் சொல்லிப் பார்த்தோம்.
ஐந்து வரிசைக்கு ஒரு வரிசை
சாதாரணப் பயறு நடுங்கள்,
மருந்தும் அடிக்காதீர்கள், புழு தின்னட்டும்.
வீரசிங்கம் சிரிக்கக்கூட இல்லை.
"குத்தகை நான் கட்டுறேன். புழுவுக்கு மானியமா?"
மூன்று நாளுக்கொரு தடவை தெளிக்கிறவர்;
தெளிப்பான் வார் தோளில் தடம் போட்டிருந்தது.
பிறகு என்ன நினைத்தாரோ
கோழிக்கூண்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.
ஒரே ஒரு வரிசை. காயெல்லாம் துளை.
"இது வீட்டுக்கு. இதுக்கு மட்டும் அடிக்கிறதில்ல,
பிள்ளைங்க சாப்பிடுறது."
எங்கள் கையேட்டில் பச்சைக் கோடாய் வரைந்திருந்த வரிசை
அங்கே யாரும் சொல்லாமலே காய்த்துக் கிடந்தது.
இசாத்தி படமெடுக்கப் போனாள், எடுக்கவில்லை.

பதினேழைக் கொல்லக் கூடாது.
வளர்க்க வேண்டும், குணம்
பிள்ளைகளுக்கு இறங்குகிறதா பார்க்க வேண்டும்.
கூட்டுப்புழுவைப் புரட்டி
அடிவயிற்றுக் கோட்டை லென்ஸில் பார்த்தேன். பெண்.
ஆக, இப்போது தரகு வேலை எனக்கு.
அல்வா தின்றே வளர்ந்த,
நஞ்சின் வாசனை அறியாத
சோனி மாப்பிள்ளை ஒருவனைப் பிடித்து
வலைக்கூண்டில் விட்டு
சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன்.

வழியில் ஜெலுத்தோங் சந்தை.
பயற்றங்காய் ஒரு கட்டு மூன்று வெள்ளி.
ஓட்டை விழுந்ததாய்ப் பார்த்துப் பொறுக்கினேன்.
கடைக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்து
ஐம்பது காசு குறைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் இலையடியில் முட்டைகள்,
நூற்று எண்பத்தாறு.
கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே
இசாத்தி கேட்டாள்:
"பதினெட்டிலிருந்து எண் போடவா?"